துவர்ப்புக்குப் பெயர் வைத்தவர்கள்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு முந்திரிகை என்றால் பந்தலில் குலை குலையாகத் தொங்கும் பழம். தமிழகத்து நண்பர்கள் இச்சொல்லைக் கேட்டதும் பாயசத்தில் மிதக்கும் பருப்பை எண்ணிக்கொள்வர். அதை நாங்கள் கஜு என்போம். திராட்சை என்ற சொல் எங்களுக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. ஆகவே இக்கட்டுரையில் நான் முந்திரிகை என்றே எழுதப் போகிறேன். குழம்பவேண்டாம்.

முந்திரிகை என்ற ஒரு சொல்லோடு எங்கள் அறிவு நின்றுவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். மாம்பழம் என்று மட்டும் சொன்னால் யாழ்ப்பாணத்தான் திருப்திப்படமாட்டான். கறுத்தக்கொழும்பானா, வெள்ளைக்கொழும்பானா, அம்பலவியா, செம்பாட்டானா, விலாட்டா என்று கேட்பான். கண்ணை மூடிக்கொண்டு மணத்தைக் கொண்டே இனத்தைச் சொல்லக்கூடிய கிழவிகள் எங்கள் ஊரில் இருந்தார்கள். ஆனால் முந்திரிகைக்கு அப்படி ஒரு பெயர்ப்பட்டியல் இல்லை. தோட்டக்காரரைக் கேட்டால் 'இஸ்ரேல் புளூ' என்பார். அவ்வளவுதான்.

கறுத்தக்கொழும்பானுக்கும் அம்பலவிக்கும் நாம் காட்டும் இந்தப் பிடிவாதத்தை முந்திரிகையிடம் காட்டுகிறவர்கள் இத்தாலியர்கள். ஜான்சிஸ் ரொபின்சன், ஜூலியா ஹார்டிங், ஹொசே வூய்யமோஸ் ஆகிய மூவரும் சேர்ந்து 2012 இல் வெளியிட்ட பெருநூலில், உலகில் வைன் தயாரிக்கப் பயன்படும் 1,368 முந்திரிகை இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் 377 இத்தாலிக்கு உரியவை. வேறெந்த நாடும் அதன் அருகில் வரவில்லை.

இந்த வயதில், இந்த நாட்டிலிருந்து கொண்டு, வைனைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. எங்கள் சமூகத்தில் மதுவுக்கு மூன்று முகங்களே உண்டு. பனையேறுபவர் இறக்கித் தரும் கள், தேவாலயப் பூசையில் வைக்கப்படும் கிண்ணம், குடும்பங்களைக் குட்டிச்சுவராக்கும் சாராயமும் கசிப்பும். இந்த மூன்றில் எதைப் பற்றியும் சுவையைக் குறித்து யாரும் பேசியதில்லை. கள்ளைப் பற்றிக்கூட, 'உடன்கள்', 'புளிச்ச கள்' என்ற இரண்டு தரத்துக்கு மேல் நம்மிடம் சொல் கிடையாது. எனக்கு வைனில் இருந்த ஆர்வம் குடியின் மீதான ஆர்வம் அன்று. சொல்லின் மீதான ஆர்வம். முப்பது வருடங்களுக்கு மேலாகச் சொற்களை எண்ணிச் சம்பளம் வாங்கியவனுக்கு, ஒரு மிடறு பானத்தைப் பற்றி ஒரு தேசம் முழுவதும் நூறு சொற்களில் சண்டையிடுகிறது என்பது சாதாரண செய்தியன்று.

இத்தாலியில் மட்டும் ஏன் இத்தனை இனங்கள் என்பதற்குப் புவியியலும் வரலாறும் சேர்ந்து விடை தருகின்றன. நீண்டு ஒடுங்கிய நிலம், நடுவில் முதுகெலும்புபோல அப்பெனைன் மலைத்தொடர், வடக்கே ஆல்ப்ஸ். ஒரு பள்ளத்தாக்கின் மழை அடுத்த பள்ளத்தாக்கில் இல்லை. அதற்கு மேல் 1861 வரை இத்தாலி என்றொரு நாடே இருக்கவில்லை. சிற்றரசுகள், நகர அரசுகள், பாப்பரசரின் நிலங்கள், சுங்கச் சாவடிகள். ஒவ்வோர் ஊரும் தன் கொடியைத் தானே வளர்த்துத் தன் மொழியில் பெயர் வைத்தது. அந்தப் பெயர்களை வாசிப்பதே ஓர் இன்பம். 'கோடா டி வோல்ப்பே' என்றால் நரிவால். குலை நரியின் வாலைப்போல வளைந்திருக்குமாம். 'பகதெபித்' என்றால் கடன்தீர்ப்பான். எந்த மோசமான பருவத்திலும் ஏதோ கொஞ்சம் காய்த்து உழவனின் கடனை அடைத்துவிடும் கொடி. 'லாக்ரிமா' என்றால் கண்ணீர். பழுத்ததும் தோல் வெடித்துச் சொட்டுச் சொட்டாக வடியும். அதன் வைனில் ரோசாப்பூ மணம் அடிக்கும். 'தாசெலெங்கே' என்றால் நாக்கறுப்பான். புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து நாக்கை வெட்டுவதால் வந்த பெயர். எங்கள் ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைப்பதுபோல வைத்திருக்கிறார்கள்.

இனி நெபியோலோவுக்கு வருகிறேன். இத்தாலிய முந்திரிகைகளில் நான் அதிகம் வாசித்ததும், அதிகம் யோசித்ததும் இதைப் பற்றித்தான்.

மனைவியின் தம்பி ஒருவர் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் வசிக்கிறார். பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. அந்நகரின் காவற்புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு, பெல்லெகிரினோ மலைமீது, சைவர்களும் வேதக்காரருமாக நம்மவர்கள் ஏறிச்சென்று நேர்த்தி வைப்பதை நான் கண்ணால் கண்டேன். 2018 புரட்டாதி மாதம் அங்கு மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அப்போது அவர் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். முதியவர் எண்பது கடந்தவர். இலத்தீன் மொழி கற்பித்து ஓய்வுபெற்றவர். பிறந்த இடம் சிசிலி அல்ல. வடமேற்கே பியமொந்தே மாகாணத்தின் லாங்கே குன்றுகள். மனைவியின் ஊருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மைத்துனர் அவரைப் 'புரொபெசோரே' என்று அழைப்பார். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

ஆசிரியரும் பத்திரிகையாளனும் சந்தித்தால் என்ன நடக்கும்? பேச்சுத்தான். மைத்துனர் நடுவில் இருந்து மொழிபெயர்த்தார். ஒரு ஞாயிறு மதியம் புரொபெசோரே தன் ஊர்ப் பரோலோவில் ஒரு போத்தலைத் திறக்கச் சொன்னார். மைத்துனருக்கும் ஒரு கிளாசில் ஊற்றப்பட்டது. பரோலோ என்பது ஊரின் பெயர், வைனின் பெயரும் அதுவே. முந்திரிகையின் பெயர் நெபியோலோ. கிளாசில் ஊற்றியபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை புகழ்பெற்ற வைன் கறுத்துத் தடித்திருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இதுவோ தேயிலைச் சாயம்போல, ஓரத்தில் செங்கல் நிறம் படிந்து, அடியில் விரலை வைத்தால் தெரியும் அளவுக்கு வெளிறியிருந்தது. மணம் முதலில் காய்ந்த ரோசா இதழ். பிறகு, வெயிலில் உருகும் தார் வீதி. நான் சொல்வதை நம்பாதவர்கள் எந்த வைன் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்கலாம். ரோசாவும் தாரும் என்பதுதான் நெபியோலோவின் இலட்சணமாக எங்கும் எழுதப்பட்டிருக்கும். அதன்பின் அதிமதுரம்.

வாயில் வைத்தபோது நடந்தது வேறு. முரசும் கன்னத்தின் உட்பக்கமும் இறுகிக்கொண்டன. உமிழ்நீர் எங்கோ போய்விட்டது. புரொபெசோரே என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு சொல்லைச் சொன்னார்: 'அல்லப்பாந்தே'. மைத்துனர் அதைத் தமிழில் சொல்ல ஒரு கணம் தேடினார். தன் கிளாசில் இன்னொரு மிடறு குடித்துவிட்டு, 'கயர்க்குது அத்தான். பச்சைப் பாக்குக் கடிச்ச மாதிரி' என்றார்.

இருபது வருடமாக இத்தாலியில் இருக்கும் அவருக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அவரது தாயார் வாழைப்பூ துப்புரவாக்கும்போது சொல்லியிருப்பார். கயர் என்பது எங்கள் பேச்சுவழக்கு. செந்தமிழில் துவர்ப்பு. வைனில் இதை உண்டாக்குவது தானின் என்ற பொருள். முந்திரிகையின் தோலிலும் விதையிலும் இருக்கிறது. உமிழ்நீரில் உள்ள புரதத்தை அது பற்றிப்பிடித்துக் கொள்வதால் வாய் வரளுகிறது. மேலைநாட்டு அறிவியலாளர்கள் இதைச் சுவை என்றே ஒப்புக்கொள்வதில்லை. தொடுகை உணர்வு என்பர். அவர்களது சுவைப் பட்டியலில் துவர்ப்புக்கு இடமில்லை. ஆங்கில வைன் எழுத்தில் இதைச் சொல்வதற்குப் பட்டு, வெல்வெட், உப்புத்தாள் என்று துணிக்கடைக்கும் தச்சுப்பட்டறைக்கும் ஓடுவதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நம் முன்னோரோ அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை உட்காரவைத்து விட்டார்கள். நாவற்பழம், விளாங்காய், கடுக்காய், மாதுளைத்தோல், பாக்கு என்று ஒவ்வொன்றின் துவர்ப்பும் வேறு. இந்த ஒரு விடயத்தில், வைனே இல்லாத ஒரு மொழி வைனைப் பற்றிப் பேசுவதற்கு ஆங்கிலத்தைவிடத் தயாராக இருக்கிறது. இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கு மறைக்க வேண்டியதில்லை.

நெபியோலோ என்ற பெயர் மூடுபனியைக் குறிக்கும் 'நெபியா' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது பலரும் ஒப்பும் விளக்கம். ஐப்பசியில் லாங்கே குன்றுகளைப் பனி மூடும்போதுதான் இது பழுக்கும். 1266 ஆம் ஆண்டின் ஆவணமொன்றிலேயே இதன் பெயர் வருகிறது. வசந்தத்தில் எல்லோருக்கும் முன்பு துளிர்த்து, இலையுதிர்காலத்தில் எல்லோருக்கும் பின்பு பழுக்கும் பிடிவாதக் கொடி. தெற்குப் பார்த்த சரிவு வேண்டும்; சுண்ணாம்பு கலந்த களி வேண்டும். இந்தச் சலுகைகள் இல்லாவிட்டால் நெபியோலோ புளிக்கும் தண்ணீர்தான். பதினொரு ஊர்களுக்குள் அடங்கும் பரோலோ எல்லைக்குள்ளேயே லா மொர்ரா ஊரின் வைன் மென்மை, செர்ராலுங்கா ஊரின் வைன் முரடு. சட்டப்படி பரோலோ 38 மாதங்கள் முதிர்ந்த பின்பே விற்பனைக்கு வரலாம்; அதில் 18 மாதங்களாவது மரப்பீப்பாயில் இருக்கவேண்டும். காலையில் இறக்கி மாலைக்குள் குடித்துமுடிக்கும் பனங்கள்ளின் நாட்டிலிருந்து போனவனுக்கு இந்தப் பொறுமை விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

ஆனால் அன்று புரொபெசோரே பேசியது சுவையைப் பற்றி மட்டும் அல்ல. செர்ராலுங்காப் பக்கத்தில் அவரது தந்தைக்கு ஒரு சிறு தோட்டம் இருந்தது. தமையன் தூரின் நகரத்து மோட்டார்த் தொழிற்சாலைக்குப் போனார். இவர் படிக்கப் போனார். தந்தை தனியே நின்று, முடியாமல், 1962 இல் விற்றுவிட்டார். விற்ற பணத்தில் தமையன் ஒரு கார் வாங்கினாராம். இன்று பரோலோவின் சிறந்த சரிவுகளில் ஒரு ஹெக்டயர் நிலம் பத்து இலட்சம் யூரோவுக்கும் மேலே போகிறது. அவர் அதைச் சொன்னது பணத்துக்காக இல்லை. 'அந்தக் கொடிகளை யார் கத்தரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது' என்றார். மைத்துனர் இதை மொழிபெயர்த்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். அவருடைய வளவும் ஊரில் யாரோ பார்க்கத்தான் கிடக்கிறது.

லாங்கே இன்று செல்வந்தர்களின் உல்லாசத் தலம். 2014 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. வெள்ளைத் துரூபிள் என்னும் நிலக்காளானைத் தங்கம்போல நிறுத்து விற்கிறார்கள். ஐம்பதுகளில் அது பசியின் நிலம். அல்பா நகரத்து எழுத்தாளர் பெப்பே பெனோலியோ 1954 இல் எழுதிய 'லா மலோரா' என்ற குறுநாவல், பிள்ளையைக் கூலிக்கு அடுத்த பண்ணையில் விட்ட குடும்பத்தின் கதை. நூத்தோ ரெவெல்லி ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு மலையூர் மலையூராக நடந்து முதியவர்களின் வாய்மொழியைச் சேகரித்து, 1977 இல் 'தோற்றோரின் உலகம்' என்ற நூலாக்கினார். பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் அறியவேண்டிய பெயர். பரோலோவின் விலையைப் பேசுவோர் இந்த இரு நூல்களையும் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

அந்தக் குன்றுகளில் ஒரு தந்தை-மகன் சண்டையும் நடந்தது. எலியோ அல்தாரே என்ற இளைஞர் பிரான்சின் பர்கண்டிக்குப் போய், அங்குள்ள விவசாயிகள் வசதியாக வாழ்வதைப் பார்த்துத் திரும்பினார். வீட்டில் பழைய பெரிய பீப்பாய்கள். மாற்றவேண்டும் என்றார், தந்தை மறுத்தார். 1983 இல் மகன் மரம் அறுக்கும் இயந்திர வாளை எடுத்துப் பீப்பாய்களை அறுத்துத் தள்ளினார். தந்தை அவரைச் சொத்திலிருந்து விலக்கினார். இதன் பின் வந்த இருபது ஆண்டுகளைப் 'பரோலோ யுத்தம்' என்கிறார்கள். புதியவர்கள் 225 லீற்றர் கொள்ளும் சிறு பிரெஞ்சுப் பீப்பாயில் வைத்தார்கள். வைன் விரைவில் மென்மையாகி வனிலா மணத்தது. அமெரிக்காவில் விற்பனை கொழித்தது. பழையவர்களில் ஒருவரான பர்தோலோ மஸ்கரெல்லோ சக்கர நாற்காலியில் இருந்தபடி தன் கையால் போத்தல் சீட்டு வரைந்தார். 'சிறு பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்பது அதன் வாசகம். 2005 இல் அவர் மறையும்வரை தளரவில்லை.

என் பக்கம் எது என்று கேட்டால், பழையவர் பக்கம். துவர்ப்பு முதிர்ந்து தானே அடங்கவேண்டும். வனிலாவைப் பூசி அடக்குவது முறையன்று. ஆனால் வாளை எடுத்த மகனின் கோபமும் எனக்கு விளங்குகிறது. அவர் கண்டது தன் வீட்டின் வறுமையை. இன்று இரு சாராரும் ஓரளவு நடுவில் சந்தித்துவிட்டார்கள். பெரிய பீப்பாய் பல வீடுகளுக்குத் திரும்பியிருக்கிறது.

பியமொந்தேயின் அன்றாட முந்திரிகைகள் வேறு. டொல்செத்தோ என்றால் 'சின்ன இனிப்பு'. வைன் இனிக்காது, புளிப்புக் குறைவு, முடிவில் வாதுமைப் பருப்பின் இலேசான கைப்பு. பார்பேரா நேர் எதிர்: துவர்ப்புக் குறைவு, புளிப்புக் கூர்மை. பழப்புளி கரைத்த வாடையை நினைத்துக்கொள்ளுங்கள், அதன்மேல் கறுத்த பழச்சாறு. ஏழையின் வைன் என்று இதைச் சொல்வார்கள், அதற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1986 பங்குனியில், மலிவான வைனின் மதுசாரச் செறிவைக் கூட்டுவதற்காகச் சில வணிகர்கள் மெத்தனோலைக் கலந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் பார்வையை இழந்தனர். உடலுக்குள் மெத்தனோல் போமிக் அமிலமாக மாறிக் கண்ணரம்பைத் தாக்கும். கசிப்பு மரணங்களைச் செய்தியாக்கிப் பழகிய எனக்கு இதில் எதுவும் அந்நியமில்லை. வித்தியாசம் ஒன்று உண்டு. கசிப்பில் செத்தவனுக்காக எங்கள் நாட்டில் ஒரு சட்டமும் சிலிர்த்தெழுந்ததை நான் காணவில்லை. இத்தாலியில் அந்த ஆண்டு ஏற்றுமதி சரிந்தது, சோதனைகள் இறுகின, அளவைவிட்டுத் தரத்தை நோக்கி நாடு திரும்பியது. உலகமெங்கும் இன்று இத்தாலிய வைனுக்குக் கிடைக்கும் மதிப்பின் அத்திவாரத்தில் அந்த மரணங்களும் இருக்கின்றன.

தொஸ்கானாவின் சாஞ்ஜொவேசேயைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகக் கடக்கிறேன். கியாந்தி வைனின் முந்திரிகை இதுவே. 'யோவே தெய்வத்தின் இரத்தம்' என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். புளிப்புச் செரி, தேயிலை இலை, தக்காளி இலை, நனைந்த மண். பெத்தீனோ ரிக்காசோலி 1872 இல் கியாந்தியின் கலவை பற்றி ஒரு கடிதம் எழுதினார். சற்றே மென்மைக்காகச் சேர்த்த வெள்ளை முந்திரிகை, 1967 இல் வந்த சட்டத்தில் கட்டாயமாகிவிட்டது. சிவப்பு வைனில் வெள்ளையைக் கலந்தே ஆகவேண்டும் என்ற சட்டத்தை மதிக்காதவர்கள் தம் வைனை மிகத் தாழ்ந்த தரப்பெயரோடு விற்று, உலகின் மிக உயர்ந்த விலையை வாங்கினார்கள். தணிக்கையை மீறி எழுதியவன் வாசகர்களைப் பெறுவது போலத்தான்.

வடகிழக்கே பிரியூலியில் நடந்தது இன்னும் பெரிய அபத்தம். ஸ்கியொப்பெத்தீனோ என்ற கறுத்த முந்திரிகை அங்கு நூற்றாண்டுகளாக இருந்தது. கறுமிளகு மணக்கும். உவமைக்காகச் சொல்லவில்லை, மிளகுக்கு அதன் மணத்தைத் தரும் ரொட்டன்டோன் என்ற அதே பொருள் இந்தப் பழத்தின் தோலிலும் இருக்கிறது. பைலொக்செரா என்ற வேர்ப்பூச்சி 1879 இல் இத்தாலிக்குள் நுழைந்து கொடிகளை அழித்தது. அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டபோது, எது அதிகம் காய்க்கும், எது விற்கும் என்று பார்த்து நட்டார்கள். உள்ளூர் இனங்கள் கைவிடப்பட்டன. ஸ்கியொப்பெத்தீனோ அனுமதிக்கப்பட்ட பட்டியலிலேயே இல்லாமற் போனது. ஆகவே அதை நடுவது சட்டவிரோதம். சியால்லா என்ற பள்ளத்தாக்கில் பவுலோ, தீனா ரப்புசி தம்பதியர் 1970 அளவில் ஒரு கைவிடப்பட்ட தோட்டத்தை வாங்கி, ஊரூராகத் தேடி, பழைய கொடிகளிலிருந்து தண்டு வெட்டி வந்து நட்டார்கள். அபராதம் விதிக்கப்படலாம் என்று தெரிந்தே நட்டார்கள். அதே பிரதேசத்தில் கிராப்பா வடிக்கும் நொனீனோ குடும்பத்தினர் 1975 இல், அழியும் உள்ளூர்க் கொடிகளைக் காப்போருக்கென்று ஒரு பரிசை நிறுவினர். முதற் பரிசு இந்தத் தம்பதியருக்கே போனது. பின்னர் சட்டம் இறங்கி வந்தது. முன்பு சொன்ன நாக்கறுப்பானும் அந்த முயற்சியில் பிழைத்ததுதான்.

வடக்கே வேரோனாப் பக்கத்தில் கொர்வீனா முந்திரிகையைக் காயவைக்கும் முறை நமக்கு எளிதில் விளங்கும். ஒடியலையும் புளுக்கொடியலையும் காயவைத்து வைப்பதுபோல, அறுவடை செய்த குலைகளைத் தட்டுகளில் அடுக்கி மூன்று, நான்கு மாதங்கள் காயவிடுகிறார்கள். நிறையில் மூன்றிலொரு பங்கு போய்விடும். எஞ்சிய சாற்றை நொதிக்க வைத்தால் அமரோனே. பெயரில் கைப்பு, வாயில் அத்திப்பழம், கறுவா, கறுப்பு வெல்லம். மதுசாரம் 15 வீதத்தைத் தாண்டும். ஒரு கிளாசுக்குமேல் என்னால் முடியாது. அது உண்மையில் உணவின் இடத்தை எடுத்துக்கொள்ளும் பானம்.

தெற்கே நேப்பிள்சுக்கு உட்பக்கமாகத் தவ்ராசி ஊரில் அலியானிக்கோ. நெபியோலோவுக்கு ஈடான துவர்ப்பு, ஆனால் நிறம் கறுப்பு, மணத்தில் புகை. மலையுயரத்தில் வளர்வதால் ஐப்பசி கடைசி, கார்த்திகை தொடக்கம் வரை அறுவடை நீளும். தெற்கு என்றால் வெப்பம், வெப்பம் என்றால் இனிப்பு என்ற கணக்கு இங்கே பொய்க்கிறது. எத்னா எரிமலையில் நெரெல்லோ மஸ்கலேசே என்ற இனம் கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீற்றர் உயரம் வரை ஏறியிருக்கிறது. கருஞ்சாம்பல் மணலில் வேர்ப்பூச்சியால் வாழ முடிவதில்லை; ஆதலால் ஒட்டுக்கட்டாத, தன் சொந்த வேரில் நிற்கும் மிகப் பழைய கொடிகள் அங்கே இன்னும் உள்ளன. வைன் வெளிறிய சிவப்பு. துவர்ப்பு மெல்லியது, நாவற்பழத்தினுடையதைப்போல. பாக்கின் துவர்ப்பு அன்று. மைத்துனரோடு எத்னாவின் வடக்குச் சரிவுக்குப் போயிருந்தபோது, ஒரு கொடியின் அடித்தண்டு என் தொடையளவு இருந்தது.

சிசிலியின் மேற்கு மூலையில் சிபிப்போ. பெயர் அரபு மொழியின் 'சபீப்' என்ற சொல். உலர்ந்த முந்திரிகை என்று பொருள். அரபியர் ஆண்ட தீவில் அவர்களது சொல் வைனின் மேல் ஒட்டிக்கொண்டது. பந்தெல்லெரியா என்ற சிறு தீவில் காற்றுக்குத் தப்பக் குழி பறித்துக் குழிக்குள் இக்கொடியைச் செடிபோல வளர்க்கிறார்கள். 2014 இல் யுனெஸ்கோ இந்த உழவுமுறையையும் பட்டியலிட்டது. தோடம்பழப் பூ, மல்லிகை மணம். சிபிப்போவையும் உள்ளூர்க் கத்தரத்தோவையும் பாரன் மெந்தோலா என்பவர் இணைத்துப் பிறப்பித்த பிள்ளைதான் கிரில்லோ. மார்சலா வைனின் நல்ல முந்திரிகை அதுவே. மார்சலாவை உலகச் சந்தைக்கு அனுப்பியவர் 1773 இல் அங்கு வந்த ஜோன் வூட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர். கடற்பயணத்தில் கெடாதிருக்க மதுசாரம் சேர்த்து அனுப்பினார். ஆங்கில வணிகன் வந்து ஒரு தீவின் விளைச்சலுக்கு வெளிநாட்டில் பெயர் வாங்கிக்கொடுத்து, அதன் சுவையையும் தன் வசதிக்கு மாற்றிவிட்ட கதையைத் தேயிலைத் தோட்டங்களின் நாட்டில் இருப்பவர்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கொழும்பில் இறக்குமதி வைனுக்கு உள்ள வரியை எண்ணினால் இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். ஆனால் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இவை தெருமுனைக் கடையில் கிடைப்பவை. குடிக்காதவர்கள் ஆரம்பிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்கெனவே கிளாசைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு பரோலோவைத் திறக்காதீர்கள். செத்தல் மிளகாயின் எரிவும் தானினின் துவர்ப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். மதுசாரம் அதில் நெய் வார்க்கும். ஆட்டிறைச்சிக் கறிக்குப் பார்பேரா போதும், அல்லது விற்றோரியா ஊரின் பிரப்பாத்தோ. செம்புற்றுப்பழம்போல மணக்கும் இலேசான சிவப்பு, அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தால் இன்னும் நல்லது. எமிலியாவின் நுரைக்கும் லம்புரூஸ்கோவில் இனிப்பில்லாத வகையைக் கேட்டு வாங்கினால் பன்றிக் கறிக்கு அதைப்போல ஒன்று கிடையாது. கணவாய்க்கும் நண்டுக்கும் கிரில்லோ. உறைப்பு அதிகமான நாட்களில் மொஸ்காத்தோ தஸ்தி. மதுசாரம் ஐந்து வீதம் அளவில்தான், இனிப்பு உறைப்பை அணைக்கும்.

நெபியோலோவைப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் உள்ளவர்கள், பரோலோ என்று எழுதியதற்குப் பதிலாக 'லாங்கே நெபியோலோ' என்று எழுதியதைத் தேடுங்கள். விலை மிகவும் குறைவு, அதே குன்று. தனியாக, ஒரு துண்டு கட்டிப்பட்ட பாற்கட்டியோடு குடித்துப் பாருங்கள். பக்கத்தில் தாயாரோ பாட்டியாரோ இருந்தால் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, இது என்ன சுவை என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லை எனக்கு எழுதி அனுப்புங்கள். பாக்கைத் தவிர வேறு என்னென்ன வரும் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.